கண்ணடித்த சாட்சி!

"வீ...ல்!"

பெங்களூர் காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில் அந்த அலறல் கிளம்பியதும் கீபோர்டு வாசித்தவர் பாதிப் பாட்டில் கையை எடுத்துவிட்டார்.

அலறியது மணப்பெண் அதிதி.

அவள் கையில் கத்தி! வெள்ளை கவுனில் சிவப்பு! பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் உதடு, பல், தாடை... எல்லாம் ரத்தச் சிவப்பு!

அவசரப்பட்டு மாப்பிள்ளைக்காக அழ வேண்டாம். பிணம் வேறு இடத்தில் கிடக்கிறது. அதற்கு வருவோம்.

இது கேக்.

மூன்றடுக்கு வெள்ளைக் கேக். மேலே வெளிர் ரோஸ் நிறத்தில் ரோஜாப் பூக்கள் கேட்டிருந்தார்கள். வந்த ரோஜாக்களைப் பார்த்து, 'ஏதோ புது டிசைன் போல' என்று வெட்டி, ஒருவருக்கொருவர் ஊட்டியும் விட்டார்கள். சாயம் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"க்ளென்! இதுவா லைட் பிங்க்?" அதிதி கிட்டத்தட்ட அழுதாள்.

க்ளென் குனிந்து பார்த்தான். முப்பத்தாறு வயது. பக்கத்துத் தெரு பேக்கரியில் கேக் மேல் ஐசிங் போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இன்று காலைவரை!

"பிங்க்தானே மேடம்? இன்னும் சொல்ப... கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டிருக்கலாம்னு..."

"மச்சி!" மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த ரயான் அவன் தோளில் கை போட்டான். க்ளெனின் பள்ளிக்கூடத்து நண்பன். ஏரியா பசங்களுக்கு ஃபுட்பால் கோச். "ஆட்டுக்கறிக் கடையில செஞ்ச ரோஜா மாதிரி இருக்குடா!"

க்ளென் கண்களைக் கசக்கினான். ஒரு வாரமாகவே உறுத்தல். எதைப் பார்த்தாலும் வெளிறித் தெரிகிறது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம்.

"இல்லி... இங்க க்ளென் யாரு?"

இன்ஸ்பெக்டர் வீணா. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

க்ளென் முன்னால் வந்தான். "மேடம்... கேக்குக்கெல்லாமா போலீஸ் வருது?"

"கேக் இல்ல. கொலை!"

ஹால் மொத்தமும் க்ளென் பக்கம் திரும்பியது.

"உங்க பேக்கரி பின்னாடி பாழடைஞ்ச பங்களா இருக்கில்ல? அதை வித்துத் தர்ற புரோக்கர் முகேஷ், மாடிப்படிக்குக் கீழ கழுத்து முறிஞ்சு கிடக்கறான். விடியக்காலையில யாரோ தள்ளி விட்டிருக்காங்க. அந்த நேரத்துல நீங்க பின்பக்கத்து ஜன்னல்கிட்ட நின்னீங்கன்னு பேக்கரில சொன்னாங்க. ஏனு... என்ன பார்த்தீங்க?"

"பார்த்தேன் மேடம்! 'தடதட'ன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒருத்தன் ஓடி வந்து ஸ்கூட்டர்ல ஏறிப் பறந்துட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான்... மூஞ்சி தெரியல."

"ஸ்கூட்டர் என்ன கலர்?"

க்ளென் நிமிர்ந்தான். எதிரே வீடியோக்காரரின் லைட் 'பளீர்' என்று முகத்தில் அடித்தது. இடது கண்ணில் ஊசி குத்தியது போல் சுரீர்! அந்தக் கண் தானாக ஒரு முறை மூடித் திறந்தது.

நேர் எதிரே ரயான், கையில் மைக்கோடு.

"பழுப்பு மேடம். பழைய டீத்தூள் மாதிரி."

"வேற?"

"பின்னாடி ஒரு மூட்டை தொங்கிச்சு. வட்ட வட்டமா, வெளுப்பா... ஆங்! முட்டைகோஸ் மூட்டை!"

'டொம்!'

எல்லோரும் திரும்பினார்கள். ரயானின் கையிலிருந்த மைக் தரையில் கிடந்தது.

"ஸாரி... கை வழுக்கிடுச்சு!" என்றான் ரயான். சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

பெங்களூரில் பழுப்பு ஸ்கூட்டர் வைத்திருந்த காய்கறி வியாபாரிகளுக்கு அன்று பிடித்தது சனி!

ஓசூர் எல்லை அத்திபெலே வழியாக லோடு எடுத்து வருகிறவர்களையும் வீணா விடவில்லை. பிடித்து வந்து விசாரித்து, அசடு வழிந்து அனுப்பி வைத்தாள். அவர்கள் விட்டுப்போன முட்டைகோஸ் ஸ்டேஷனில் அழுகி நாறியது.

இந்தப் பக்கம் க்ளெனின் கண்கள் மோசமாகிக்கொண்டே போயின.

வெள்ளை விழி சிவந்தது. பார்வையில் கொசுக் கூட்டம் போல் கரும்புள்ளிகள் மிதந்தன. எண்ணெய் ஊறிய காகிதத்தின் வழியாகப் பார்ப்பது போல் உலகம் மங்கிவிட்டது. வெளிச்சமே ஆகவில்லை. நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி!

அவனுக்கு ஒரு பயங்கர சந்தேகம் முளைத்தது.

"ரயான்! கொலைகாரன் என்னைத் தேடி வந்துட்டான்டா!"

"எ... எந்தக் கொலைகாரன்?"

"முகேஷைக் கொன்னவன்தான்! நான் அடையாளம் காட்டிடுவேன்னு என் கண்ணுக்கே குறி வைக்கறான். உறுத்தலுக்குன்னு வாங்கிப் பேக்கரி அலமாரியில வச்சிருந்த சொட்டு மருந்துல எதையோ கலந்துட்டான்!"

ரயான் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"சேச்சே! அவன் எதுக்குடா அப்படிச் செய்யப் போறான்? நல்லவனா இருப்பான்... நட, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"உனக்குப் பசங்க பிராக்டிஸ் இருக்கேடா..."

"இருந்தா இருக்கட்டும்! நீ எனக்குச் செஞ்சதுக்கு நான் இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

க்ளென் யோசித்தான். என்ன செய்தோம்? போன மாதம் டீமுக்குக் கொடுத்த பிளம் கேக்கா?

"அதெல்லாம் ஒரு பெரிய விஷயமாடா?" என்றான் அடக்கமாக.

ரயானுக்குக் கண் கலங்கிவிட்டது!

கண் டாக்டர் ஸ்ரீரஞ்சனி முதல் வேலையாக ரயானை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

க்ளென் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தான். "டாக்டர், இதுதான் ஆதாரம்! இந்த சொட்டு மருந்துல விஷம் இருக்கு."

"அப்படியா?" அவள் பாட்டிலைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு மருந்துக் குப்பியின் மூடியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்ன கலர்?"

"பழுப்பு."

"இன்னொரு கண்ணால பாருங்கோ."

"அதுலயும் பழுப்புதான்... கொஞ்சம் அழுக்கா."

"இது நல்ல சிவப்பு! கண் நரம்பு வீங்கினா முதல்ல மங்கறது சிவப்புதான்."

க்ளென் தலையில் அடித்துக்கொண்டான். "அதான் கேக்! பத்தலை பத்தலைன்னு சாயத்தைக் கொட்டிட்டேன்! கல்யாணப் பொண்ணு சபிச்சுட்டாங்க டாக்டர்!"

அவன் நினைப்பு கேக்கோடு நின்றுவிட்டது. பாவம், கண் போகிற கவலையில் இருப்பவனுக்கு அதற்கு மேல் எங்கே ஓடும்?

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறேளா?"



க்ளென் மூடிய கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "HIV-க்கு டாக்டர்... ஒன்பது வருஷமா. வீட்லகூட யாருக்கும் தெரியாது. ரயானுக்கும் தெரியாது."

"ஒழுங்கா எடுத்துக்கறேளா?"

"ஒரு நாள் விட்டதில்ல. கடைசி டெஸ்ட்ல வைரஸைக் கண்டே பிடிக்க முடியலைன்னாங்க."

"பிரமாதம்!"

க்ளென் நிமிர்ந்தான். ஆஸ்பத்திரிகளில் இந்த விஷயத்தைச் சொல்லி அவன் எத்தனையோ முகச்சுளிப்புகளைப் பார்த்திருக்கிறான். 'பிரமாதம்' இதுதான் முதல் தடவை.

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிசல்ட் வந்தது.

"VDRL-ன்னு ஒரு கிருமிக்கான டெஸ்ட்... நெகட்டிவ்," என்றாள் டாக்டர்.

"நான்தான் சொன்னேனே, விஷம்னு!"

"இருங்கோ, இருங்கோ! எனக்கு இந்த நெகட்டிவ் மேல நம்பிக்கை இல்லை." போனை எடுத்தாள். "லேபா? அதே ரத்தத்தைக் நீர்க்கப் பண்ணி மறுபடி பாருங்கோ. ஆமா, நல்லாத் தண்ணியா."

"தண்ணி விட்டா இருக்கறதும் காணாமப் போயிடாதா டாக்டர்?"

"சிட்டி மார்க்கெட் கூட்டத்துல பிக்பாக்கெட்காரனைப் பிடிச்சிருக்கேளா? முடியாது. கூட்டம் கலைஞ்சா மாட்டிப்பான். உங்க ரத்தத்துல இந்தக் கிருமிக்கான எதிர்ப்பு எக்கச்சக்கமா இருந்தா, டெஸ்டே திணறிப்போய் 'ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லிடும். HIV இருக்கறவாகிட்ட இதை நாங்க கொஞ்சம் ஜாஸ்தியாவே பார்க்கறோம்."

சாயங்காலம் போன் அடித்தது. டாக்டர் கேட்டாள். தலையாட்டினாள். வைத்தாள்.

"ஆள் மாட்டிண்டான்!"

"யாரு?"

"சிஃபிலிஸ்."

க்ளென் வாயைப் பிளந்தான். கண்கள் தானாகக் கீழே இறங்கி, அவசரமாக மேலே வந்தன. "அது... அங்க வர்ற வியாதி ஆச்சே டாக்டர்?"

"கீழ் போர்ஷன்ல குடி வரும். கவனிக்காம விட்டா மாடிக்கும் ஏறும். உங்களுக்கு HIV கட்டுப்பாட்டுல இருக்கு, இது வேற விருந்தாளி."

"கண்ணு போயிடுமா?"

இப்போது அவள் சிரிக்கவில்லை. "விட்டா போயிடும். இன்னிக்கே அட்மிட் ஆகணும். நரம்பு வழியா பென்சிலின், ராப்பகலா, ரெண்டு வாரம். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்."

க்ளென் அழுதான். வெட்கமில்லாமல் அழுதான். சிவப்பு தெரியாதவன் எந்த ரோஜாவைச் செய்வது? கண் போனால் அவனுக்கு வேறு என்ன வேலை தெரியும்?

டாக்டர் டிஷ்யூ நீட்டினாள். "உங்களோட இருந்தவாளுக்கும் சொல்லணும். அவாளும் டெஸ்ட் பண்ணிக்கணும்."

"ஓசூர்ல ஒருத்தர்தான் டாக்டர்..."

"போன் பண்ணுங்கோ. திட்டினா வாங்கிக்கோங்கோ. ஆனா வரவழையுங்கோ!"

அந்த ஆஸ்பத்திரியில் பெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. ரயான் கவுண்டரில் தமிழில் கெஞ்சி, கன்னடத்தில் மிரட்டி, உருதுவில் ஐஸ் வைத்து ஒரு பெட் பிடித்துவிட்டான்!

"கண்ணுல கிருமி," என்று மட்டும் க்ளென் சொல்லியிருந்தான்.

முதல் நாள் மருந்து ஏறியதும் குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. "கிருமி சாகும்போது அப்படித்தான் ஆர்ப்பாட்டம் பண்ணும்," என்றாள் நர்ஸ். ரயான்தான் போர்வையை இழுத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தான். தினமும் ஆட்டுக்கால் சூப் வந்தது. ஆரஞ்சு உரித்து, கொட்டையையும் எடுத்து ஊட்டினான்.

சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான் என்று க்ளென் உருகினான். ஒரு நாள் ரயானின் கையைப் பிடித்து அதைச் சொல்லியும் விட்டான்.

ரெண்டு வாரம் ஓடியது.

டிஸ்சார்ஜ் தினம். டாக்டர் அதே மூடியை நீட்டினாள்.

"சிவப்பு!" க்ளென் கத்திவிட்டான்.

"இடது கண்?"

"சிவப்பு... துளி வெளுப்பு. ஆனா சிவப்புதான்!"

"மாசா மாசம் வரணும். ரத்தம் மறுபடி பார்க்கணும். சாயம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேற யாராவது கலக்கட்டும்!"

வராண்டாவில் நடந்தபோது எல்லாமே திருவிழாவாக இருந்தது. தீயணைக்கும் சிலிண்டர் சிவப்பு! நர்ஸின் பொட்டு சிவப்பு! லிப்ட் அம்புக்குறி சிவப்பு! சின்னப் பையன் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தான்.

ரயான் காத்திருந்தான். அவனுடைய ஸ்கூட்டர் வெயிலில் பளபளத்தது. மிளகாய்ப் பழச் சிவப்பு! ஊருக்கே தெரிந்த ஸ்கூட்டர். இங்கே வரும்போது கறுப்புக் கண்ணாடியும் முகத்தில் துண்டுமாக ஏறி வந்தவன், அதை எங்கே பார்த்தான்?

'அட, என்ன சிவப்பு!' என்று சிரித்த க்ளென்...

...பாதிச் சிரிப்பில் நின்றான்.

ஸ்கூட்டரின் பின்னால் ஒரு வலைப் பை தொங்கியது. அதற்குள் வட்ட வட்டமாக, வெள்ளை வெள்ளையாக...

ஃபுட்பால்!

அன்று விடியக்காலையில் அவன் பார்த்த முட்டைகோஸ்!

சிவப்பு தெரியாத கண்ணுக்கு மிளகாய்ப் பழம் எப்படித் தெரிந்திருக்கும்? டீத்தூளாக! தூணுக்குப் பின்னால் ஒதுங்கிப் போனை எடுத்தான்.

"வீணா மேடம்! க்ளென் பேசறேன். நான் அன்னிக்குச் சொன்ன கலர் தப்பு. பழுப்பு இல்ல... சிவப்பு!"

"ஏனு?"

"கண்ணு கெட்டுப் போயிருந்திச்சு மேடம்! அது முட்டைகோஸும் இல்ல... ஃபுட்பால்!"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "என் ஸ்டேஷன் இன்னும் நாறுது, க்ளென்! சிவப்பு ஸ்கூட்டர், ஃபுட்பால்னா... அந்தக் கோச்சா?"

"அவன்தான் மேடம். கீழ நிக்கறான். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக."

"ஏறாதீங்க! அங்கேயே..."

"மச்சி!" பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. "எவ்ளோ நேரம்டா? மேல வந்துட்டேன். பையைக் கொடு!"

க்ளென் போனை அணைக்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கூட வர மறுத்தால் இவனுக்குச் சந்தேகம் வந்துவிடுமே!

ஸ்கூட்டர் ஓடியது. முன்னால் கொலைகாரன். பின்னால் சாட்சி. நடுவில் டிஸ்சார்ஜ் பை!

"எ... எந்த வழியாடா போறோம்?" க்ளென் சட்டைப் பைக்குக் கேட்கும்படி கத்தினான்.

"ஏன் கத்தறே? கண்ணுலதானே வியாதி? கோல்ஸ் பார்க் பக்கமாத்தான்." ரயான் விசிலடித்தான். "மச்சி, இனிமே நமக்குள்ள மறைக்க என்ன இருக்கு? சொல்லிடறேன். நானும் முகேஷும் சேர்ந்து அந்தப் பங்களாவை ஒரே சமயத்துல ரெண்டு பார்ட்டிக்கு வித்துட்டோம். அவன் கடைசி நேரத்துல நல்லவனாயிட்டான். போலீஸ்ல சொல்லிடறேன்னான். படியில சண்டை... தள்ளிட்டேன்."

க்ளென் பையை இறுக்கிப் பிடித்தான். "இதை... ஏன்டா என்கிட்ட சொல்றே?"

"உனக்குத்தான் தெரியுமே! ஜன்னல்ல நின்னு பார்த்தியே! இன்ஸ்பெக்டர் கலர் கேட்டப்ப என் உயிரே போயிடுச்சு. நீ என்னைப் பார்த்து ஒரு கண்ணடிச்சே பாரு... அப்புறம் 'பழுப்பு, முட்டைகோஸ்'னு ஒரு விடு விட்டே... யப்பா! 'கொலைகாரன் மருந்துல கலந்துட்டான்'னு என்கிட்டயே வேற நடிச்சே! என்ன மூளைடா உனக்கு! அன்னிக்கே முடிவு பண்ணேன். என் உயிரைக் காப்பாத்தினவன் கண்ணை நான் காப்பாத்தணும்னு!"

க்ளென் கண்ணை மூடித் திறந்தான். சூப்! ஆரஞ்சு! போர்வை! எல்லாம் இதற்குத்தானா?

ரயானின் குரல் இறங்கியது. "இன்னொண்ணு. நீ தூங்கறப்ப உன் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். பேரைப் போன்ல போட்டுப் பார்த்தேன். தெரிஞ்சுபோச்சு. பயப்படாதே! என் ரகசியம் உன்கிட்ட இருக்கற வரைக்கும் உன் ரகசியம் என்கிட்ட பத்திரமா இருக்கும்."

க்ளெனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் போன் கட். வீணா இதுவரை கேட்டதெல்லாம் ரயானின் விளையாட்டுப் பேச்சு என்று சொல்லிவிடலாம். சர்ச்சில் அடுத்த பெஞ்சுக்காரர்கள் தள்ளி உட்கார மாட்டார்கள். பேக்கரியில் அவன் தொட்ட கேக்கை யாரும் மோந்து பார்க்க மாட்டார்கள். ஒன்பது வருடமாக அவன் பயந்ததெல்லாம் இதற்குத்தான்.

படிக்குக் கீழே கிடந்த முகேஷ் நினைவுக்கு வந்தான். அவனும் கடைசி நேரத்தில் உண்மையைச் சொல்லத்தான் பார்த்திருக்கிறான்.

கையை எடுத்துவிட்டான்.

"ரயான்... அன்னிக்கு நான் கண்ணடிக்கலைடா."

"என்னது?"

"லைட் அடிச்சது. கண்ணு உறுத்திச்சு. மூடினேன்."

"விளையாடாதே! அப்போ பழுப்பு?"

"எனக்குப் பழுப்பாத்தான் தெரிஞ்சுது!"

"முட்டைகோஸ்?"

"அப்படித்தான்டா தெரிஞ்சுது! உன்னை நான் அன்னிக்கு அடையாளமே கண்டுக்கலை. இப்பத்தான்... கண்ணு சரியானப்புறம்..."

கிறீச்!

ஸ்கூட்டர் சிக்னலில் குலுங்கி நின்றது. குறுக்கே ஒரு போலீஸ் ஜீப். வீணா காதில் வைத்த போனோடு இறங்கினாள்.

கைவிலங்கு விழுந்ததும் ரயான் வெறி பிடித்தவன் போல் கத்தினான். "மேடம், இவனுக்கு என்ன வியாதின்னு தெரியுமா? ஊர் பூரா சொல்லுவேன்! சர்ச்ல..."

"அதை ஊர்ல சொல்லித் திரியறவனுக்கும் சட்டத்துல தண்டனை இருக்கு. ஒரு கேஸ் போதாதா உனக்கு?" என்றாள் வீணா.

"விடுங்க மேடம்." க்ளென் முன்னால் வந்தான். சிக்னலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான். "எனக்கு HIV இருக்கு! ஒன்பது வருஷமா மாத்திரை போடறேன். நல்லா இருக்கேன்!"



பின்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "சரிண்ணா, சந்தோஷம்! பச்சை விழுந்தாச்சு... சொல்ப வண்டியை ஓரங்கட்டறீங்களா?"

அவ்வளவுதான்! ஒன்பது வருடப் பயத்துக்கு பெங்களூர் டிராபிக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். க்ளெனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஜீப்பில் ஏறும்போது ரயான் திரும்பிப் பார்த்தான். குரல் உடைந்திருந்தது. "நான் உன்னை ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா..."

"என் கண்ணு போயிருக்கும். நீ தப்பிச்சிருப்பே." க்ளென் மூக்கை உறிஞ்சினான். "அதை மறக்க மாட்டேன்டா. ஜெயிலுக்கு மாசம் ஒரு தடவை வர்றேன். கேக் செஞ்சு எடுத்துட்டு."

வீணா ஜீப் கதவை அறைந்து சாத்தினாள்.

"போலீஸ் சாட்சியை ரெண்டு வாரம் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துகிட்ட குற்றவாளியை என் சர்வீஸ்ல இப்பத்தான் பார்க்கறேன்! நீங்க தாராளமா கேக் கொண்டு வாங்க, க்ளென்... கலரை மட்டும் நான் ஒரு தடவை பார்த்துக்கறேன்!"